கல்யாணக் கேசட்டுகளில் தேடிய முகப்பு

சத்திரத்தின் முகப்பு விழுந்தபோது நான் என் வீடியோ கடையில் ஒரு கல்யாணக் கேசட்டுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை விட்டேனா பார் என்று அடித்த வாரம் அது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. வந்த நேரத்தில் வேலையை முடித்துவிடலாம் என்று அவசரமாக டெக்கை ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் கேட்டது. செங்கல் லாரி எதுவோ கவிழ்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். தெருவே ஓடியது, நானும் குடையில்லாமல் ஓடினேன்.

வாசலுக்கு மேலே வரிசை வரிசையாக நின்றிருந்த சுதை உருவங்கள் எல்லாம் சேற்றில் கிடந்தன. கிளியின் தலை ஒன்று, யாரோ ஒரு சிப்பாயின் தொப்பி, யானையின் பாதித் துதிக்கை. மற்றதெல்லாம் செங்கல் பொடி. முகப்புச் சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்திருந்த அரசங்கன்று மட்டும் ஒன்றும் நடக்காதது போலப் பச்சையாக நின்றது. எனக்கு வந்த கோபத்தில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மராட்டியர் காலத்துச் சத்திரம் அது. வெண்ணாற்றங்கரை வழியாக நடந்து போகிறவர்களுக்குச் சோறு போடுவதற்காகக் கட்டியது. வழிப்போக்கர்கள் பஸ்ஸில் ஏறிப் போய்விட்ட பிறகு அது ஊருக்குக் கல்யாணச் சத்திரமாகிவிட்டது. என் கல்யாணம் அங்கேதான் நடந்தது, என் அக்கா கல்யாணமும் அங்கேதான். ஊரில் தாலி ஏறிய கழுத்துகளில் முக்கால்வாசி அங்கேதான் குனிந்திருக்கும்.

என் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணவர் குவைத்தில் இருந்தார். முதல் லீவில் வந்தபோது ஒரு கலர் டிவியும் டெக்கும் கொண்டுவந்தார், இரண்டாவது லீவில் இன்னொரு டெக். வீட்டில் இரண்டு டெக் எதற்கு என்று வாடகைக் கேசட் கடை வைத்தேன். கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. கேபிள் டிவி வந்ததும் சினிமாக் கேசட்டை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. ஆனால் கல்யாணக் கேசட்டு என்னைக் கைவிடவில்லை. அப்போது வீட்டுக்கு ஒரு ஆள் சிங்கப்பூரிலோ மஸ்கட்டிலோ இருந்தார். தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது. கேசட்டுத்தான் போகும். மூலக் கேசட்டை வீட்டில் வைத்துக்கொண்டு நகலை அனுப்புவார்கள். ஊர் ஆம்பளைகளில் பாதிப் பேர் சொந்தத் தங்கையின் கல்யாணத்தை என் நகலில்தான் பார்த்தார்கள்.

மழை விட்டதும் சத்திரத்தின் உள்முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் தலைவர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் எதைப் பார்த்தாலும் அதன் மேல் கிரானைட் ஒட்ட வேண்டும் என்பார்.

“இடிச்சுட்டு ஏசி மண்டபமா கட்டிடலாங்க. காலம் மாறிடுச்சு” என்றார்.

பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் இன்ஜினியர் ஒருத்தியைத் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். என்னைவிடச் சின்னப் பெண். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கூரை மேலெல்லாம் ஏறிப் பார்த்துவிட்டு வந்தவள். அவள் எழுந்து, “கட்டடத்துக்கு ஒண்ணுமில்லீங்க. இன்னும் பல தலைமுறைக்கு நிக்கும். விழுந்தது முகப்பு மட்டுந்தான். சுண்ணாம்புச் சாந்துல திரும்பக் கட்டலாம். ஆனா அங்க என்ன உருவம் இருந்துச்சுன்னு எனக்குப் படம் வேணும். படம் இல்லாத இடத்துல நானா கற்பனை பண்ணி ஒண்ணும் செய்ய மாட்டேன். வெறும் சுவராத்தான் விடுவேன்” என்றாள்.

உடனே ஆளாளுக்கு ஞாபகத்தைக் கொட்டினார்கள். நடுவில் இருந்தது கஜலட்சுமி என்றார் ஒருவர். ராஜா என்றார் இன்னொருவர். வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள் என்று மூன்றாமவர் அடித்துச் சொன்னார். நானும் யோசித்துப் பார்த்தேன். தினமும் இரண்டு தரம் அந்த வாசலைத் தாண்டித்தான் கடைக்குப் போய் வருகிறேன். பாசி பிடித்த ஒரு கருப்பு உருவம், அதன் தலையில் புறா. அவ்வளவுதான் நினைவுக்கு வந்தது. வாசலில் செருப்பைப் பார்ப்போமா, அண்ணாந்து பார்ப்போமா?

தலைவர் சிரித்தார். “பாத்தீங்களா? வெறும் சுவருக்கு எதுக்குங்க இவ்வளவு பாடு? முகப்புல ஷட்டர் போட்டுக் கடை விட்டா வாடகையாவது வரும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன். “படம் நான் கொண்டாரேன். இந்த வாசல்ல நடந்த கல்யாணம் பூரா கேசட்டுல இருக்கு. எல்லாக் கேசட்டுக்காரனும் முகப்பக் காட்டிட்டுத்தான் உள்ள போவான்.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இன்ஜினியர் பெண்ணின் கண் பளிச்சென்று விரிந்தது. அவள் எனக்காகவே கைதட்டியது போலிருந்தது. தலைவரும் வியாபாரி அல்லவா, அங்கேயே பேரத்தை முடித்தார். முகப்பு முழுசாகப் படத்தில் கிடைத்தால் சங்கமே செலவு செய்து பழையபடி கட்டித் தரும். ஒரு இடம் விட்டுப்போனாலும் ஷட்டர்தான். சங்கத்தில் பலருக்கு அந்தக் கடைகள் மேல் ஒரு கண், அதனால் அந்த நிபந்தனையில் அவர் இறங்கி வரவில்லை. “தை பொறக்கட்டும், அதுக்குள்ள காட்டுங்க” என்றார். “காட்றேன்” என்றேன்.

வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர, எத்தனை கேசட்டு நல்லபடியாக மிஞ்சியிருக்கும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். அக்காதான் காப்பி போட்டுக் கொடுத்தாள். அக்கா என்னோடு இருந்தாள். அத்தான் சிங்கப்பூரில் கட்டட வேலையில் விழுந்து இறந்தபோது அவள் பெண் கைக்குழந்தை. அன்றிலிருந்து தைத்துத் தைத்தே பெண்ணைப் படிக்க வைத்தாள்; நான் கடை வைத்ததும் தையல் மெஷினை அதன் பின்பக்கம் போட்டுக்கொண்டாள். பெண் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். அவளுக்கு மன்னார்குடியில் வரன் பேசி, வைகாசியில் கல்யாணம் என்று வாய்ச்சொல் கொடுத்தாகிவிட்டது. அக்கா அதிகம் ஆசைப்படுகிறவள் இல்லை. ஆனால், “என் கல்யாணம் நடந்த சத்திரத்துலயே அவளுக்கும் நடக்கணும்டி” என்று அந்த ஒன்றைக் கேட்டிருந்தாள். ஷட்டர் வேலை ஆரம்பித்தால் வைகாசிக்குச் சத்திரம் கிடைக்காது.

மறுநாள் காலையிலேயே வேட்டையை ஆரம்பித்தேன். அடுத்த கடை எஸ்.டி.டி. பூத். வெளிநாட்டுக்குப் பேச வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்களிடம் போய், “பேசி முடிச்சதும் கேசட்டு கேளுங்க, யார் வந்தாலும் கையில குடுத்து விடச் சொல்லுங்க” என்று சொல்லி வைத்தேன். ஒரு அம்மா போனில் மகனிடம், “சாப்பிட்டியா” என்று கேட்பதற்கு முன்னால், “உன் அக்கா கல்யாணக் கேசட்ட எங்க வச்ச?” என்று கேட்டாள். அவன் அங்கே என்ன நினைத்தானோ, அடுத்த வாரம் லீவில் வந்த வேறொருத்தன் கையில் கேசட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

இரண்டே வாரத்தில் கடை நிரம்பிவிட்டது! மஸ்கட்டிலிருந்து, பினாங்கிலிருந்து, துபாயிலிருந்து, சோப்பு வாசனையும் தைல வாசனையுமாகக் கேசட்டுகள் வந்து இறங்கின. உள்ளூர் மூலங்கள் பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துக் கிடந்தன, பரணில் வைத்தால் பின்னே என்னவாகும்? வெளிநாட்டுக்குப் போன நகல்கள்தான் ஏசி அறையில் சுகமாக இருந்து திரும்பின. நான் எடுத்த நகலே என்னிடம் திரும்பி வந்தபோது, புகுந்த வீட்டிலிருந்து பெண் வந்தது போல ஒரு பூரிப்பு எனக்கு.

இன்ஜினியர் பெண் சனிக்கிழமை தோறும் தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவாள். நான் கேசட்டைப் போடுவேன். முகப்பு வந்ததும் நிறுத்துவேன். அவள் டிவி கண்ணாடி மேலேயே டிரேசிங் பேப்பரை ஒட்டி பென்சிலால் வரைவாள். நிறுத்திய படம் நிற்குமா? நடுங்கும், குறுக்கே கோடு ஓடும். “இன்னொரு தடவ, இன்னொரு தடவ” என்று அவள் கெஞ்ச, நான் பட்டனை அமுக்கி அமுக்கி விரல் நொந்துபோகும்.

அதற்குள் கடை வாசலில் கூட்டம் கூடிவிடும். அவரவர் கல்யாணத்தை அவரவர் பார்க்க வந்துவிடுவார்கள். “முகப்பு மட்டும் போதும், மிச்சத்த வேகமா ஓட்டி விடறேன்” என்றால் சண்டைக்கு வருவார்கள். “எங்க அத்த வர்ற இடத்த மட்டும் ஓட்டிடாதீங்க, இப்ப அவங்க இல்ல” என்று ஒருவர் கேட்டபோது நான் எப்படி ஓட்டுவேன்? அத்தை வந்தாள், பந்தியில் அப்பளத்தை நொறுக்கினாள், கேமராவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடையே கண் கொட்டாமல் பார்த்தது.

எங்கள் ஊர் வீடியோக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்துதான் வரும். மிக்சிங் மெஷின் புதிதாக வந்த காலம். ஒரு கேசட்டில் முகப்பின் இடது பக்கம் அழகாகத் தெரிகிறது, யானை மேல் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போதே, யானையை மறைத்துக்கொண்டு ஒரு ரோஜாப்பூ சுழன்று வரும். அதற்குள் மாப்பிள்ளையின் தலை! இன்னொன்றில் சத்திரத்தையே வெட்டி எறிந்துவிட்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பனிமலை முன்னால் நிறுத்தியிருந்தான். வெண்ணாற்றங்கரையில் பனிமலை! இன்னொரு வீட்டார் தாலி கட்டியதோடு கேசட்டை நிறுத்தி, மிச்சத்தில் டிவி நாடகத்தைப் பதிந்து வைத்திருந்தார்கள்.

இருந்தாலும் ஒவ்வொரு கேசட்டும் ஏதோ ஒன்றைக் கொடுத்தது. ஒன்றில் இடது ஓரத்துக் கிளிகள். ஒன்றில் துப்பாக்கி பிடித்த சிப்பாய். ஜானவாச ஊர்வலத்தில் மாப்பிள்ளை கார் திரும்பும்போது விளக்கு வெளிச்சத்தில் மேல் வரிசை வீணைக்காரி ஒரு கணம் தெரிந்தாள். இன்ஜினியர் பெண் கடைக்குள்ளேயே குதித்தாள், நானும் குதித்தேன். என் வயசுக்கு அது ஆகாதுதான். யார் பார்த்தால் என்ன? மார்கழி பாதியில் அவள் வரைந்த தாள்களை ஒட்டிச் சுவரில் மாட்டியபோது முகப்பு கிட்டத்தட்ட எழுந்து நின்றது.

நடு இடம் தவிர.

வாசலுக்கு நேர் மேலே, எல்லா உருவங்களும் பார்த்து நிற்கும் இடத்தில், பெரிய உருவம் ஒன்று இருந்திருக்கிறது. அது ஒரு கேசட்டிலும் இல்லை. கொடுமை என்னவென்றால், எல்லா வீடியோக்காரர்களும் அந்த இடத்தில்தான் கேமராவை ஆரம்பிக்கிறார்கள். ஏனென்றால் அங்கேதான் பெண் மாப்பிள்ளை பெயர் எழுதிய தெர்மாகோல் பலகை தொங்கும். பலகைக்குப் பின்னால் ஒரு கோரைப் பாய், வாழையிலை ஜோடனையோடு, அகலமாக அந்த இடத்தையே மூடியிருக்கும். என் கல்யாணக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். அதே பாய். பலகை இல்லாத எளிய கல்யாணங்களிலும் பாய் இருந்தது. பெயரைத் தொங்கவிட என்றால் கயிறு போதாதா, எதற்குப் பாய்?

பந்தல்காரரிடம் போய்க் கேட்டேன்.

“எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தாங்க. கல்யாணம்னா மொத வேல ஏணியப் போட்டு நடுவுல பாயக் கட்டறது. அப்புறந்தான் வாழ மரம், தோரணம் எல்லாம். ஏன்னு நான் கேட்டதில்ல” என்றார்.

சாப்பிடும்போது இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

“அது தாலி அறுத்தவடி. சத்திரத்தக் கட்டின அம்மா. புருஷன் போனதுக்கப்புறம் சொத்தையெல்லாம் போட்டுக் கட்டினாங்களாம். முக்காடு போட்டு உக்காந்திருப்பாங்க. கல்யாணத்துல அவங்க மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு மூடறாங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க அத்தான் போனதுக்கப்புறம், கல்யாணம்னா நான் பின்வாசல் வழியாத்தான் போவேன். சமையக்கட்டுல காய் நறுக்கற பொம்பளைங்க அத்தன பேருக்கும் தெரியும். அங்க உக்காந்திருக்கறதெல்லாம் என்னாட்டம் ஆளுங்கதான.”

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த அம்மா கட்டிய வீட்டில், அந்த அம்மா வைத்த அடுப்பில் சமைத்து, பந்தி பந்தியாகத் தின்றுவிட்டு, அவள் முகத்தில் பாயைக் கட்டியிருக்கிறோம். ஒரு தரமா? கல்யாணத்துக்குக் கல்யாணம். பாய் எதற்கென்று கட்டுகிறவருக்கே மறந்துபோன பிறகும் விடாமல் கட்டியிருக்கிறோம். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அக்கா மட்டும், “சாப்டுட்டுக் கத்து” என்றாள்.

ஆனால் கத்தினால் படம் வருமா? கல்யாணக் கேசட்டு எதிலும் அவள் இருக்க மாட்டாள் என்பது இப்போது உறுதியாகிவிட்டது. கல்யாணம் இல்லாத நாளில் சத்திரத்தைப் படம் எடுக்க யாருக்கு வேலையில்லை? தை பிறக்கச் சில நாட்கள்தான் இருந்தன. நடு இடம் காலியாகப் போனால் முகப்பு முழுசு இல்லை. முழுசு இல்லையென்றால் ஷட்டர்.

ஒரு மத்தியானம் கேசட்டு அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பளிச்சென்று தோன்றியது. பாய் கட்டுவது எங்கள் வழக்கம். எங்கள் வழக்கம் இல்லாதவர்களும் அந்தச் சத்திரத்தில் விருந்து வைத்திருக்கிறார்களே! லுத்தரன் சபையைச் சேர்ந்த குடும்பம் ஒன்று எங்கள் தெருவில் இருந்தது. அந்த வீட்டுப் பெண் நர்ஸ். சர்ச்சில் கல்யாணம் முடிந்து சத்திரத்தில்தான் சாப்பாடு போட்டார்கள். நானே போய் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன். நகல் எடுத்ததும் நான்தான். ஆனால் அந்தக் குடும்பம் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டது, பெண் மஸ்கட்டில் இருந்தாள்.

பூத்துக்கு ஓடினேன். லைன் கிடைப்பதற்குள் உயிர் போய்விட்டது. “அக்கா, நகல் இங்க வீணாப் போயிடுச்சே” என்றாள் முதலில். பிறகு, “அம்மாகிட்ட மூலம் இருக்கு. எங்கம்மா எதையும் தூக்கிப் போட மாட்டாங்க” என்றாள். பூத்துக்காரர் பில்லை நீட்டியபடி கூப்பிடக் கூப்பிட, நான் கடையைப் பூட்ட ஓடிவிட்டேன்.

அக்காவையும் இழுத்துக்கொண்டு அன்றைக்கே நாகப்பட்டினம் பஸ் ஏறினேன். திருவாரூர் தாண்டும்வரை இரண்டு பக்கமும் சம்பா தலை சாய்ந்து கிடந்தது. எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. “இருக்குமா அக்கா, பாய் கட்டியிருந்தா?” என்று கேட்டுக் கேட்டு அவள் காதைப் புண்ணாக்கினேன். “இறங்கிப் பாத்தாத் தெரியும்” என்றாள். அவள் கை மட்டும் முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

நர்ஸின் அம்மா எங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். மீன் குழம்புக்கு அரைத்த கையைக் கழுவிவிட்டு வந்து, பீரோவிலிருந்து துணியில் சுற்றிய கேசட்டை எடுத்தார். அவர்கள் வீட்டு டெக்கில் நானே போட்டேன். கார் வருகிறது. பெண் வெள்ளைப் புடவையில் இறங்குகிறாள். காகிதப் பூ, பலூன். கேமரா அண்ணாந்தது. நான் பட்டனில் விரலை வைத்துக்கொண்டேன்.

அங்கே அவள் இருந்தாள்!

பாய் இல்லை, பலகை இல்லை. இரண்டு பக்கமும் காகித நட்சத்திரம் தொங்க, நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு. வெறும் நெற்றி, வெறும் கழுத்து. மடியில் ஒரு பானை, கையில் கரண்டி. சோறு போடுகிற கை எப்படி நீளுமோ அப்படி வெளியே நீண்டிருந்தது. நிறுத்திய படம் நடுங்கியதில் அந்தக் கை இப்போதுதான் அசைகிறது போலிருந்தது.

“சிரிக்கிறாங்கடி” என்றாள் அக்கா. “பாரேன், சிரிக்கிறாங்க.” எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. நான் சந்தோஷத்தில் நர்ஸின் அம்மாவைக் கட்டிப்பிடித்து அவர் முதுகில் அறைந்துகொண்டிருந்தேன்.

“பந்தக்காரர் பாயோட ஏணி ஏறினாருங்க” என்றார் அவர். “எங்க வீட்டுக்காரர்தான் இறக்கிட்டார். சாப்பாடு போடற அம்மா மூஞ்சிய மூடிட்டு எப்படிய்யா சாப்பிடறதுன்னு கேட்டார்.”

தை பிறந்தது. கூட்டத்தில் இன்ஜினியர் பெண் முழு முகப்பையும் விரித்துக் காட்டினாள். ஆளாளுக்கு முன்னால் முண்டிக்கொண்டு வந்து விரல் வைத்துப் பார்த்தார்கள். “இந்த சிப்பாய் என் கேசட்டு!” “வீணைக்காரி எங்க வீட்டு ஜானவாசத்துல வந்தா!” என்று ஒரே கூச்சல். நடு உருவத்துக்கு விரல் வந்ததும் கூச்சல் அடங்கியது. தலைவர் கனைத்துக்கொண்டார்.

“எல்லாம் சரிங்க. பேசினபடி செய்யறோம். ஆனா நடுவுல மட்டும் ஒரு கஜலட்சுமி வச்சுடலாமே? மங்களகரமா இருக்கும். அந்தச் செலவு என்னோடது.”

சில தலைகள் ஆடின. நான் வாயைத் திறப்பதற்குள் இன்ஜினியர் பெண், “படம் இருக்குங்க. படத்துல இருக்கறதத்தான் செய்வேன்” என்றாள். “இருக்கட்டும், கல்யாணத்துக்குத்தான் மூடிக்கறோமே” என்று யாரோ சமாதானம் சொன்னார்கள்.

அப்போது பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததேயில்லை.

“மொதக் கல்யாணம் என் பொண்ணோடது. நாங்க மூடலீங்க.”

ஒரே வரி. நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, எதிர்த்துப் பேச யாராவது வாய் திறக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தலைவர் சிரித்துவிட்டார். “அக்காவும் தங்கச்சியும் சேந்துட்டீங்க, இனிமே நான் எங்க பேசறது” என்றார். அப்படித்தான் அது முடிவானது.

மாசியில் சாரம் கட்டினார்கள். சுண்ணாம்பு புளித்த வாசனை தெரு முழுக்க அடித்தது. கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்கள். கிளி வந்தது, சிப்பாய் வந்தான், யானைக்குத் துதிக்கை முளைத்தது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் கதை சொன்னார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை நிறுத்தி, “சத்திரத்தம்மா தெரியுமா உனக்கு?” என்று காய்கறிக் கடைக்காரர் ஆரம்பித்துவிடுவார். அவர் சொன்ன கதையில் அந்த அம்மா புலியை எல்லாம் அடித்தாள். நான் திருத்தவில்லை.

வைகாசியில் கல்யாணம் வந்தது. பந்தல்காரர் ஏணியோடு வந்தார், வாழை மரம் கட்டினார், தோரணம் கட்டினார், நடுவில் ஒன்றும் கட்டாமல் இறங்கிப் போனார். பெயர்ப் பலகையைத் தூணில் சாய்த்து வைத்தோம். அக்கா வழக்கம்போலப் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போனாள். உருவத்துக்காகப் பேசினவள் தனக்காகப் பேச மாட்டாள், அவள் குணம் அது. மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக வாசலில் நின்றேன்.

மேளச் சத்தம் கேட்டது. மன்னார்குடி வேன்கள் வந்து நின்றன. சம்பந்தியம்மா முதலில் இறங்கினார். நாலு எட்டு வைத்தவர் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த பெண்களும் நின்றார்கள். முக்காடும் வெறும் நெற்றியும் புது வர்ணத்தில் பளபளவென்று தெரிந்தன. நான் சந்தனக் கிண்ணத்தை நீட்டவும் மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கையிலிருந்து சந்தனக் கிண்ணம் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தால் அக்கா. சமையல்கட்டிலிருந்து நேராக வந்திருந்தாள், முந்தானையில் மஞ்சள் கறை. என்னைத் தாண்டி வாசற்படியில் இறங்கி, சத்திரத்தம்மாவுக்கு நேர் கீழே போய் நின்றாள்.

“இது யாருங்க?” என்று கேட்டார் சம்பந்தியம்மா, மேலே பார்த்தபடியே.

“இந்த வீட்டம்மாங்க” என்றாள் அக்கா. “வந்தவங்களுக்கெல்லாம் சோறு போட்டவங்க. நான் பொண்ணோட அம்மா. வாங்க, உள்ள வாங்க.”

கிண்ணத்தை நீட்டினாள். சம்பந்தியம்மா மேலே நீண்டிருந்த கையைப் பார்த்தார், கீழே நீண்டிருந்த கையைப் பார்த்தார். சந்தனத்தைத் தொட்டுக் கழுத்தில் பூசிக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்தபடியே முன்வாசல் வழியாக உள்ளே போனார்.